சவுக்குத் தோப்பும் அம்மன் கடாவும்

மணலிமேட்டுக்கு அந்த வருஷம் இரண்டு புது வரவுகள். ஒன்று சவுக்குக் கன்று, மற்றது அதைத் தின்ன வந்த கடா. கன்றைக் கொண்டுவந்தது சர்க்கார். கடாவைக் கொண்டுவந்தது கன்னியம்மா. வம்பை விலைக்கு வாங்குவது என்பார்கள். அவள் வாங்கக்கூட இல்லை, சொந்த ஆடு போட்ட குட்டியைத் தன் கையாலேயே அவிழ்த்து விட்டாள்.

ஊர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே இருந்தது. வெயில் காலத்தில் கடல்காற்று கிளம்பினால் மணலும் கூடவே கிளம்பிவிடும். வீட்டுக்குள் வரும், கூழில் விழும், கேழ்வரகுக் கொல்லையில் ஏறிப் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே எழுந்திருக்காது. கன்னியம்மாவின் புருஷன் தனகோடியின் அப்பா உழுத நிலத்தில் பாதி ஏற்கெனவே மணலுக்கடியில் போயிருந்தது. கிணற்றடியில் நின்ற பூவரசின் உச்சி மட்டும் அடையாளத்துக்கு வெளியே தெரிந்தது. மிச்சமிருந்த பாதியில்தான் அவர்கள் சாப்பாடு விளைந்தது.

வன இலாகா ரேஞ்சர் பட்டாபிராமன் வந்து கடற்கரையைக் குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்தார். அலைக்குப் பக்கத்தில் படர்ந்திருந்த அடப்பங்கொடியை ஒருவரும் பிடுங்கக்கூடாது, மணலைப் பிடித்து வைப்பது அதுதான் என்றார். அதற்குப் பின்னால் ஓலைத் தட்டி, தட்டிக்குப் பின்னால் சவுக்கு. முடிச்சுப் போட்ட கயிற்றை இழுத்துக் கட்டி, முடிச்சுக்கு ஒரு குழியாகத் தோண்டச் சொன்னார்.

"இப்போதைக்குக் கரையோரமா நீளமா ஒரு பட்டைதான். ஆனி முடியும்போது மேலதிகாரி வந்து பார்ப்பார். கன்று நின்னா அடுத்த மழைக்கு இன்னொரு பட்டை, அதுக்கடுத்து இன்னொண்ணு, உங்க கொல்லை வரைக்கும் வரும். நிக்கலேன்னா கன்றெல்லாம் வேற ஊருக்குப் போயிடும். அப்புறம் நான் என்ன சொன்னாலும் எடுபடாது" என்றார்.

தனகோடிக்குத் தோப்புக் காவல் வேலை கிடைத்தது. கன்னியம்மாவுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை. ஐப்பசி மழையில் நட்டார்கள். மழை நின்றதும் மணலில் ஊற்றுக்குழி தோண்டி, கையில் ஒன்று இடுப்பில் ஒன்றாகக் குடம் சுமந்து, ஒவ்வொரு கன்றின் காலிலும் ஊற்றினார்கள். மார்கழியில் கன்று முழங்கால் உயரம் வந்து, தலையைச் சிலுப்பிக்கொண்டு நின்றது. பார்க்கப் பார்க்க கன்னியம்மாவுக்கு வயிறு நிறைந்தது.

தை மாதம் அவள் மகள் செல்லம்மாவுக்கு அம்மை வார்த்தது. சாதாரண அம்மை இல்லை, பெரியம்மை. பக்கத்துக் குப்பத்தில் இரண்டு வீட்டில் பிள்ளை போய்விட்டது. செல்லம்மா வேப்பிலைப் படுக்கையில் கண் திறக்காமல் கிடந்தாள். தனகோடி வாசலில் உட்கார்ந்து, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதான். கன்னியம்மா அழவில்லை. எழுந்து போய் எல்லையம்மன் கோயில் முன்னால் நின்றாள்.

"தாயே, பொண்ணைக் குடுத்துடு. ஆடிக்கு உனக்குக் கடா வெட்றேன்."

தாயும் குடுத்துவிட்டாள். முகத்தில் தழும்போடு, ஆனால் முழுசாக.

ஊர் வழக்கம் ஒன்று உண்டு. அம்மனுக்கு நேர்ந்த கடாவை மாசியில் காதறுத்து, மஞ்சள் பூசி, அவிழ்த்து விட்டால் அது அம்மனுடையது. ஆடி வரைக்கும் அதைக் கட்டக்கூடாது, அடிக்கக்கூடாது, விரட்டக்கூடாது. யார் கொல்லையில் மேய்ந்தாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மீறி ஏதாவது செய்தால் யாருக்காக நேர்ந்தார்களோ அவர்கள் தலையில் விடியும். கன்னியம்மா அவிழ்த்து விட்ட இந்தக் கடா யாருக்காக நேர்ந்தது என்று ஊருக்கே தெரியும்.

பங்குனி பிறந்தது. ஊரில் புல் கருகி, வேலியோரச் செடிகூடக் காய்ந்துபோயிற்று. பச்சை என்று மிச்சமிருந்தது தினமும் தண்ணீர் குடித்த சவுக்குக் கன்று மட்டும்தான். கடாவுக்கு அறிவில்லை என்று யார் சொன்னது? ஓலைத் தட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே போய், கன்றின் கொழுந்துகளை வரிசையாகக் கடித்துக்கொண்டே வந்தது. ரேஞ்சரின் கயிறு போன வழியே அதுவும் ஒழுங்காகப் போயிற்று.

பட்டாபிராமன் வந்து பார்த்தார். மொட்டையாக நின்ற கன்றுகளைப் பார்த்ததும் கைப்பிரம்பு மேலே போயிற்று.

"யாரோட ஆடுப்பா இது?"

"அம்மன் ஆடு சாமி" என்றான் தனகோடி.

"எந்த அம்மன்?"

"எல்லையம்மன்."

பிரம்பு தானாகக் கீழே இறங்கியது. மனிதர் திருக்கழுக்குன்றத்தில் கோயில் கைங்கரியம் பண்ணுகிற குடும்பம். தலையில் தொப்பி இருக்கிற வரைக்கும் சர்க்கார் உத்தியோகஸ்தர், தொப்பியைக் கழற்றிவிட்டால் பயந்த பக்தர். தொப்பியைக் கழற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"இதைப் பிடிச்சுப் பட்டியில அடைன்னு நான் சொன்னா எனக்கு உத்தியோகம் நிலைக்கும், தூக்கம் நிலைக்காது. நீ என்னமோ பண்ணு. எங்கிட்டச் சொல்லாதே" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

தனகோடி வீட்டுக்கு வந்து துண்டை உதறினான்.

"உன் வேண்டுதலு என் தலையில வெடிஞ்சுது பாத்தியாமே? தோப்பு போச்சுன்னா கொல்லை போச்சு."

"கொயந்தைய விடப் பெருசா உன் கன்னு?"

"கொல்லை போனா அந்தக் கொயந்த இன்னாத்த துன்னும்? மணலையா?"

அவன் சொன்னதும் நிஜம், அவள் சொன்னதும் நிஜம். அப்படிப்பட்ட சண்டைதான் தீராது. மறுநாள் அவன் தடியை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனான். கடா அவனை நிமிர்ந்து பார்த்து மென்றது. அவன் ஓங்கினான், அப்படியே நின்றான், தடியை மணலில் எறிந்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். பாவம், அவனும்தான் பெற்றவன்.

தண்ணீர்க் குடத்தோடு நின்று இதைப் பார்த்தவளுக்குத்தான் அந்த யோசனை வந்தது. கட்டக்கூடாது, அடிக்கக்கூடாது, விரட்டக்கூடாது. சரி. தானாகப் பின்னால் வந்தால்? வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே!

வீட்டு மாட்டுக்கு வைத்திருந்த கடலைக்கொடியை மடியில் கட்டிக்கொண்டாள். வீட்டுக்குப் பின்னால் நின்ற அகத்தியை ஒடித்துக்கொண்டாள். விடிந்ததும் கடாவின் மூக்குக்கு நேரே ஒரு கொத்தைக் காட்டி, பின்பக்கமாக நடந்தாள். வாரம் திரும்புவதற்குள் அகத்தி இல்லாமலே அது அவள் பின்னால் வந்தது. கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினால் பக்கத்தில் நின்றது, குடத்தோடு ஊற்றுக்குழிக்குப் போனால் கூடவே போயிற்று. வயிறு நிறைந்திருந்ததால் சவுக்கை மோந்துவிட்டுச் சும்மா இருந்தது. மாடு இளைத்துப்போய் அவளை முறைத்தது.

"இன்னாடி கன்னியம்மா, சாமி ஆட்டுக்கு ஆயா வேலையா?" என்று கூட வேலை செய்த வரலட்சுமி சிரித்தாள்.

"சிரிடி, சிரி. உன் கொல்லைக்கும் சேத்துத்தான் நான் இதும் பின்னால சுத்தறேன்."

சித்திரை வெயிலில் மணல் கொதித்தது. கடா நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தது. கன்னியம்மா மனசு கேட்காமல், குடத்தில் மிஞ்சின தண்ணீரை அதன் முதுகில் கவிழ்த்தாள். முதல் நாள் அது உடம்பைச் சிலுப்பி அவளையே குளிப்பாட்டிவிட்டது. அப்புறம் பழகிவிட்டது. உச்சிவேளை ஆனால் ஊற்றுக்குழி ஓரம் வந்து நிற்கும், அவள் ஊற்றுவாள், அது கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் வாங்கிக்கொள்ளும்.

செல்லம்மா ஒருநாள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "யம்மா, இதுக்கு மணின்னு பேரு வெக்கட்டா?" என்று கேட்டாள்.

"கம்னு கெட. சாமி ஆட்டுக்குப் பேரு வெக்கக் கூடாது. பேரு வெச்சா நம்முளுது ஆயிடும்."

சொல்லிவிட்டு, மடியில் மிச்சமிருந்த கடலைக்கொடியை அதற்கே ஊட்டினாள்.

கடிபட்ட கன்றுகள் பக்கத்தில் கிளைத்துக்கொண்டு மறுபடி எழுந்தன. ஆனிக் கடைசியில் மேலதிகாரி வந்தபோது தோப்பு அவர் தோளுக்கு நின்றது. காற்று அதில் புகுந்து இரைந்ததே தவிர, இந்தப் பக்கம் மணல் வரவில்லை. அடுத்த மழைக்கு அடுத்த பட்டை என்று சொல்லிவிட்டுப் போனார். பட்டாபிராமன் கிளம்பும்போது கடாவைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தனகோடி அன்றைக்கு வழியெல்லாம் பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

கன்னியம்மாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஆடி வந்துவிட்டது.

கடாவைக் கோயிலுக்கு இழுத்துப்போக ஆள் தேவைப்படவில்லை. அவள் நடந்தாள், அது பின்னால் வந்தது. கத்தியை நோக்கித் தன்னை நம்பி வருகிற ஜீவனுக்கு முன்னால் நடப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. ஒருதரம்கூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பூசாரி செங்கல்வராயன் மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரைக் கடாவின் தலையில் ஊற்றினார். தண்ணீர் பட்டதும் ஆடு உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் அம்மன் சம்மதித்தாள் என்று அர்த்தம், அப்புறம்தான் கத்தி. கடா சிலுப்பவில்லை. இன்னொரு குடம் ஊற்றினார். அது கண்ணை மூடிக்கொண்டது. காதில் ஊற்றினார். அது நாக்கை நீட்டி, வழிந்த தண்ணீரை நக்கியது.

பம்பை மேளம் நின்றுபோயிற்று. "வேண்டுதல்ல ஏதோ கொறை கீது" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் கன்னியம்மாவைப் பார்த்தார்கள்.

அவள் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கடாவை வேண்டாம் என்றால், குடுத்த பிள்ளையை அம்மன் திரும்பக் கேட்பாளோ? அப்புறம்தான் கண்ணை மூடி நின்ற கடாவின் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். ஊற்றுக்குழி ஓரத்து முகம் அது. அவளுக்கு விளங்கிவிட்டது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் கடா பிழைக்கும். ஆனால் அம்மனிடம் உண்மையை மறைத்த பாவம் நாளைக்கு மகள் தலையில் இறங்கினால் என்ன செய்வது?

"கொறை என்னுதுதான் பூசாரி அண்ணாத்த" என்றாள். "வெய்யிலு தாங்காம இரைச்சுதுன்னு தெனம் நான்தான் இதும் மேல தண்ணி ஊத்துனேன். பழகிப்புடுச்சு. அதான் சிலுப்ப மாட்டேங்குது. இன்னா தண்டனையா இருந்தாலும் எனக்குக் குடுக்கச் சொல்லு. கொயந்தைய ஒண்ணும் பண்ணிட வேணாம்னு சொல்லு."

பூசாரி குடத்தைக் கீழே வைத்தார். கடாவைப் பார்த்தார், தழும்பு முகத்தோடு நின்ற செல்லம்மாவைப் பார்த்தார்.

"அம்மை போட்டுகினா அம்மா இன்னா கேப்பா? குளுர்ச்சிதானே? வேப்பெலைய வெச்சோம், தண்ணி ஊத்துனோம், எறங்குனா. அவ கடாவ நீ கோடை பூரா குளுர வெச்சிகீற. இதுல கொறை இன்னாம்மா கீது?" என்றார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "சிலுப்பலன்னா வெட்டக் கூடாது. அவ்ளோதான். தேங்கா ஒடைங்கப்பா."

கன்னியம்மா அம்மை வந்தபோது அழாத அழுகையெல்லாம் அங்கே உட்கார்ந்து அழுதாள்.

தனகோடி தன் துண்டால் கடாவின் தலையைத் துவட்டினான். துவட்டும்போதே அவன் கை நின்றது.

"அப்ப மழைக்கு வெக்கப்போற புதுக் கன்னு?"

"நான் பாத்துக்கறேன்" என்றாள் அவள், மூக்கைச் சிந்திக்கொண்டே.

"மாடு இன்னாத்த துன்னும்?"

அவள் வாய் திறப்பதற்குள் செல்லம்மா அவள் சேலையை இழுத்தாள்.

"யம்மா, இப்ப பேரு வெக்கலாமா?"

கன்னியம்மா கோயிலுக்குள் ஒருமுறை பார்த்தாள்.

"வெச்சுக்கோ" என்றாள்.

"மணி!" என்று கூப்பிட்டாள் செல்லம்மா. கடா திரும்பவில்லை. காலிக் குடத்துக்குப் பக்கத்தில் கண்ணை மூடி, இன்னும் கொஞ்சம் தண்ணீருக்காகக் காத்துக்கொண்டு நின்றது.