டாக்டர் அறையின் பூட்டு

இனி வருவதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் வாயில் மிச்சமிருக்கும் இரண்டு பற்களும் இன்றைக்கே விழட்டும்.

எங்கள் தெருமுனை கிளினிக்கில் ஆளுக்கு இரண்டு நிமிடம்தான். டாக்டர் தலையே நிமிர மாட்டார். நாம் வாயைத் திறப்பதற்குள் மாத்திரை எழுதி முடித்திருப்பார். கடிதம் கொடுக்க உள்ளே போன தபால்காரருக்கும் மூன்று நாள் மாத்திரை எழுதிக் கொடுத்தார். எழுதியவர் மனம் நோகக் கூடாதே என்று அவரும் விழுங்கினார்.

எங்கள் தெருப் பூட்டுக்காரருக்கு மூன்று வருடமாக இடது தோளில் வலி. படியேறினால் மூச்சு வாங்கும். மாதாமாதம் போவார். அதே வெள்ளை மாத்திரை, அதே தைலம்.

"பூட்டுகிட்ட பேசுறதுல பாதியாவது டாக்டர்கிட்ட பேசிட்டு வாங்க," என்று அந்தச் செவ்வாய்க்கிழமையும் மனைவி சொல்லித்தான் அனுப்பினாள்.

போனார். இரண்டு நிமிடத்தில் சீட்டு கைக்கு வந்தது. அவர் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தபோது, டாக்டர் கை கழுவ எழுந்து கதவுவரை போய், முகம் வெளுத்துத் திரும்பி வந்தார்.

"உட்காருங்க. சட்டையைக் கழட்டுங்க."

பூட்டுக்காரர் சட்டையைக் கழற்றினார். அந்த கிளினிக்குக்கு வந்துபோகும் பதினோரு வருடத்தில் முதல் முறையாக டாக்டரின் கண்ணைப் பார்த்தார். மூக்கின்மேல் ஒரு மச்சம் இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

டாக்டர் நாடி பிடித்தார். நாக்கைப் பார்த்தார். "அப்பா எதுல போனார்?" என்று கேட்டார். பதிலுக்கும் காத்திருந்தார்!

"நெஞ்சு வலிங்க," என்றார் பூட்டுக்காரர். தன் கதை முடிந்தது என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

வெளியே டோக்கனோடு இருந்தவர்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். கூப்பிடாமல் அந்தக் கதவைத் தொடும் துணிச்சல் யாருக்கும் இல்லை. "பத்து நிமிஷமாச்சு, பெரிய வியாதிதான்," என்றார் ஒருவர். இருபதாவது நிமிடத்தில் "பாவம், நல்ல மனுஷன்," என்றார்கள். முப்பதாவது நிமிடத்தில் யாரோ மனைவிக்குச் சொல்ல ஓடினார்கள்.

உள்ளே, செய்ய வேறு எதுவும் மிச்சமில்லாமல் டாக்டர் மூன்றாம் முறை நெஞ்சில் குழாயை வைத்தார். வைத்தவர் அசையவில்லை.

"தோள்ல ஒண்ணுமில்லைங்க. இது இதயம். மூணு வருஷமா நான்..." பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். கடைசியாக, வழக்கத்துக்கு மாறாக இன்னொன்றும் கேட்டார்: "என்ன வேலை பார்க்கிறீங்க?"

"பூட்டு ரிப்பேருங்க."

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "யோவ், இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? கதவு திறக்கலைய்யா! கத்திக் கூப்பிட வெட்கமா இருந்துச்சு!"

"நீங்க கேட்கவே இல்லையேங்க."

பையிலிருந்த கம்பியால் அரை நிமிடத்தில் திறந்தார். எதிரே மனைவி தலைவிரிகோலமாக நின்றாள். சட்டையில்லாமல் வந்த கணவனைக் கண்டதும் அழுகை நின்றது. "பேசச் சொன்னேன், அதுக்குன்னு முக்கால் மணி நேரமா?"

அந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரியில் அடைப்பை நீக்கினார்கள். இன்னும் நாலு நாள் போயிருந்தால் ஆள் இல்லை என்றார்களாம்.

தேறியதும் பூட்டைச் சரிசெய்யப் பெட்டியோடு வந்தார். டோக்கன்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அதுல கை வைக்காதீங்க!"

வைத்தார். ஆள் உள்ளே போனால் கால் மணி நேரம் கழித்தே திறக்கும்படி பூட்டைப் பழக்கிவிட்டுப் போனார். இப்போது டாக்டர் எல்லோருடைய நாக்கையும் பார்க்கிறார், அப்பாவையும் விசாரிக்கிறார். தபால்காரருக்குச் சர்க்கரை இருப்பதுகூட அப்படித்தான் தெரியவந்தது.

கிளினிக் திறந்த நாள்முதல் அந்த அறை வாசலில் தொங்குவது ஒரு பச்சைத் திரை. கதவு வைத்ததே இல்லை. என் பற்கள் இரண்டும்தான் இப்போது லேசாக ஆடுகின்றன.