லண்டனுக்குப் பத்து நாள் லீவு

1984 செப்டம்பரில் குமுதினிக்குப் பத்து நாள் லீவு கிடைத்தது. சார்ஜா ரோலாவில் ஒரு தனியார் பிரசவ ஆஸ்பத்திரியில் அவள் நேர்ஸாக இருந்தாள். நான்கு வருடத்தில் அவள் எடுத்த நீண்ட லீவு, மகள் ஆரணியைப் பெற்றெடுத்தபோது எடுத்த நாற்பது நாள்தான். அதனால் கணவன் தியாகராசா, "லண்டனுக்குப் போட்டு வருவம், உம்மட அண்ணையையும் பாத்த மாதிரி இருக்கும்" என்று சொன்னபோது அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் கழித்து மூன்று பேருக்கும் போக வர டிக்கெட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். அப்போதுதான் நம்பினாள்.

தியாகராசா ஒரு கப்பல் முகவர் கம்பனியில் கிளார்க். இயல்பிலேயே பேச்சுக் குறைவு. முந்தின வருட ஆடிக் கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்த அவனுடைய அக்காவின் வீட்டை எரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இன்னும் பேச்சுக் குறைந்துபோனது. வேலைவிட்டு வந்தால் ஜன்னலோரம் உட்கார்ந்து, துபாய் பஸ்கள் வந்து திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். பயணம் முடிவானதும் ஆள் மாறிவிட்டான். ஒருநாள் தானாகவே கடைக்குப் போய் ஆரணிக்குச் சிவப்பு ஸ்வெட்டர் ஒன்று வாங்கி வந்தான். சொல்லாமல் எதையும் வாங்கி வருகிற பழக்கம் அவனிடம் இல்லை. குமுதினி அந்த ஸ்வெட்டரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எல்லாருக்கும் காட்டினாள்.

அண்ணன் மகேசன் லண்டனில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்தான். அவனைப் பார்த்து ஆறு வருடமாகியிருந்தது. தன்னுடைய அறை சின்னது, ஹோட்டலில் தங்குவதே வசதி என்று அவன் எழுதியிருந்தது அவளுக்கு உறுத்தியது.

"சொந்த அண்ணன் இருக்கேக்க ஹோட்டலோ?"

"சுத்திப் பாக்கப் போற ஆக்கள் ஹோட்டலிலதான் நிக்கிறவை" என்றான் தியாகராசா. "எயார்போர்ட்டில கேட்டாலும் அதுதான் சொல்ல நல்லது."

இலங்கைக்காரருக்கு இங்கிலாந்து போக அப்போது விசா வேண்டியதில்லை. விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி பார்த்து உள்ளே விடுவார், அல்லது திருப்பி அனுப்புவார். ஹீத்ரோவில் அவர்கள் நின்ற வரிசையில் முன்னால் இரண்டு தமிழ்ப் பையன்கள் நின்றார்கள். அவர்களிடம் ஐந்து நிமிடம் கேள்வி கேட்டு, பிறகு பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார்கள். ஆரணி ஏழு மணி நேரமாகச் சரியாகத் தூங்கவில்லை. பாலுக்கு அழ ஆரம்பித்தாள். புட்டி தியாகராசாவின் பையில் இருந்தது.

"அதை எடுங்கோவன்."

"கவுண்டர் முடியட்டும்."

"பிள்ளை கத்துதப்பா!"

"ரெண்டு நிமிஷம்."

அதிகாரி தியாகராசாவிடம் இரண்டு கேள்விதான் கேட்டார். மற்றதெல்லாம் அவளிடம். எத்தனை நாள் தங்குகிறீர்கள்? பத்து நாள், என்றாள். கட்டாயம் திரும்புவீர்களா? அந்தக் கேள்வியே அவளுக்கு விசித்திரமாகப் பட்டது. "பதினோராம் நாள் எனக்குக் காலமை டூட்டி. போகாட்டி என்ர இடத்துக்கு வேற ஆளைப் போட்டிடுவினம்" என்பதைத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். அழுகிற குழந்தையைப் பார்த்துக் கையசைத்து, இரண்டு கடவுச்சீட்டிலும் முத்திரை குத்தினார். ஆரணியின் பெயர் தாயின் கடவுச்சீட்டில் இருந்தது.

வெளியே வந்த பிறகு தியாகராசா புட்டியை எடுத்துக் கொடுத்தான். உடனே இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். குளிர் என்று நினைத்தாள்.

இரண்டு வயதுக் குழந்தையோடு லண்டனைச் சுற்றிப் பார்ப்பது அவள் நினைத்த மாதிரி இருக்கவில்லை. ஆரணிக்கு அரண்மனையும் வேண்டாம், பாலமும் வேண்டாம். சதுக்கத்தில் புறாக்களைத் துரத்தினால் போதும். துரத்துவதற்குப் புறா இல்லாத இடத்தில் நிலத்தில் படுத்து அழுதாள். பாதாள ரயிலுக்குப் போகிற படிகளில் குழந்தை வண்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி இறங்க வேண்டியிருந்தது. ஹோட்டலில் கொடுத்ததில் வெண்ணெய் தடவிய பாணை மட்டும் ஆரணி சாப்பிட்டாள். மூன்றாம் நாள் குமுதினி ஒரு கடையில் தயிரும் இன்னொரு கடையில் அரிசியும் கண்டுபிடித்தாள். ஹோட்டல் சமையற்காரியிடம் கெஞ்சிச் சோறாக்கிப் பிசைந்து கொடுத்தாள். ஆரணி தட்டை வழித்துத் தின்றாள். அன்று மூவரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

அன்று பின்னேரம் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது தியாகராசா ஆரணியைத் தோளில் ஏற்றிக்கொண்டான். "இறக்கி விடுங்கோ, தோள் நோகும்" என்று குமுதினி சொன்னாள். அவன் இறக்கவில்லை. பாலம் முடிந்து, தெரு முடிந்து, ஹோட்டல் வாசல் வரை சுமந்து வந்தான். சார்ஜாவில் பிள்ளையைத் தூக்க நேரமில்லாத மனிதன். ஒரு லீவு ஆளை இப்படி மாற்றுமா என்று நினைத்தாள்.

பெட்ரோல் நிலையத்தில் லீவு இல்லை என்று சொல்லியிருந்த மகேசன் நாலாம் நாள் காலைதான் வந்தான். தங்கையின் தலையைத் தடவினான். ஆரணிக்கு ஒரு கரடிப் பொம்மை கொடுத்தான். ஆனால் ஐந்து நிமிடம்கூட உட்காரவில்லை.

"அத்தானோட ஒரு இடத்துக்குப் போகவேணும். பின்னேரம் வாறம்" என்றான். தியாகராசா தோள் பை ஒன்றை எடுத்துக்கொண்டான். வாசலில் நின்று திரும்பி ஆரணியைப் பார்த்தான். அவள் கரடியின் காதைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஹோட்டலுக்குப் பக்கத்தில் பெரிய பூங்கா இருந்தது. குமுதினி மகளைக் கூட்டிக்கொண்டு குளக்கரைக்குப் போய் வாத்துகளுக்குப் பாண் துண்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று மணியளவில் மகேசன் புல்வெளியைக் கடந்து வருவது தெரிந்தது. தனியாக வந்தான்.

"அவர் எங்க?"

"இரு தங்கச்சி, சொல்லுறன்."

"என்ன நடந்தது? ஏதும் அக்சிடென்ட்டோ?"

"ஒண்டும் இல்லை. ஆள் நல்லா இருக்கிறார். என்ர அறையில இருக்கிறார்." மகேசன் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் குளத்தைப் பார்த்தான். "காலமை லோயரிட்டப் போனனாங்கள். அசைலம் அடிச்சிட்டார்."

அகதி விண்ணப்பம் கொடுப்பதை நம்மவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். குமுதினிக்கு அந்தச் சொல் தெரியும். இருந்தும் அவன் சொன்னது விளங்கச் சிறிது நேரம் பிடித்தது.

"அப்ப நாங்கள்?"

"நீயும் பிள்ளையும் டிக்கெட்டில இருக்கிற நாளைக்குத் திரும்பிப் போங்கோ. மூண்டு பேரும் இஞ்ச நிண்டா என்ன செய்யிறது? உனக்கு அங்க நல்ல வேலை இருக்கு. கேஸ் முடிய ரெண்டு, மூண்டு வருஷமாகும். முடிஞ்ச உடன கூப்பிடுவார்."

"உனக்கு எப்பவிலயிருந்து தெரியும்?"

மகேசன் கரையில் கிடந்த பாண் துண்டொன்றை எடுத்துக் குளத்தில் போட்டான்.

"கேக்கிறன் அண்ணை. எப்பவிலயிருந்து?"

"சித்திரையில கடிதம் போட்டவர்."

ஐந்து மாதம். இந்த ஐந்து மாதத்தில் அண்ணன் அவளுக்கு மூன்று கடிதம் எழுதியிருந்தான். லண்டன் குளிருக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்றுகூட எழுதியிருந்தான். கணவனுக்கு எழுதியவை கம்பனி முகவரிக்குப் போயிருக்கின்றன. ஆரணி தண்ணீருக்கு மிக அருகே போவதைக் கண்டு குமுதினி எழுந்து ஓடி அவளைப் பிடித்தாள். பிடித்தவள் விடாமல் அப்படியே நின்றாள்.

"என்னை அவரிட்டக் கூட்டிக்கொண்டு போ" என்றாள்.

"இப்ப வேண்டாம், தங்கச்சி. ஆறுதலாக் கதைக்கலாம்."

"அவர்ர வாயால கேக்கவேணும்."

அண்ணனின் அறை இருந்த ஈஸ்ட்ஹாமுக்கு ரயிலில் ஒரு மணி நேரம். மகேசன் குழந்தை வண்டியைத் தூக்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. படிக்கட்டில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் வந்து மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

அறையில் தியாகராசா கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தோள் பை திறந்து கிடந்தது. அவனுடைய பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், பிறப்புப் பத்திரம், அக்கா வீடு எரிந்த பிறகு எடுத்த படங்கள் எல்லாம் கட்டிலில் பரவிக் கிடந்தன. அவை சார்ஜாவில் அலுமாரிக்குள் இருக்கின்றன என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள். ஆரணி "அப்பா" என்று ஓடிப்போய் அவன் மடியில் ஏறினாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீர் வந்திருக்கமாட்டீர்."

"வந்திருக்கமாட்டன்தான். நீங்கள் தனிய வந்திருக்கலாமே?"

அவன் குழந்தையின் ஸ்வெட்டர் பொத்தானைப் பூட்டினான், கழற்றினான். "தனிய வாற தமிழ்ப் பொடியளை உள்ள விடுறாங்களில்லை. நீரும் பாத்தனீர்தானே. பொம்பிளையும் பிள்ளையும் இருந்தா சந்தேகப்படமாட்டாங்கள்."

"அதுக்காகத்தான் எங்களைக் கொண்டு வந்தனீங்களோ?"

"அதுக்காக மட்டுமில்லை."

"எனக்குச் சொல்லியிருந்தா நானும் அப்பிடியே வந்து நிண்டிருப்பன். உங்களுக்காகப் பொய்யும் சொல்லியிருப்பன்."

"இல்லை குமுது" என்றான். எப்போதாவதுதான் அவளை அப்படிக் கூப்பிடுவான். "உம்மட முகம் காட்டிக் குடுத்திருக்கும். உமக்குப் பொய் சொல்ல வராது. அந்த ஆள் உம்மைப் பாத்துத்தான் என்னை விட்டவன்."

அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஒருவிதப் பெருமையோடு சொன்னான். குமுதினிக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. வரிசையில் பாலுக்கு அழுத பிள்ளையும், டூட்டியைப் பற்றி அக்கறையாகச் சொன்ன தன் வாயும் ஒரு கணம் அவள் கண்முன் வந்தன. அந்த அழுகையும் அவனுக்கு உதவியிருக்கிறது. இரண்டு நிமிடம் என்று சொல்லிப் புட்டியைப் பைக்குள் வைத்திருந்தவனுக்கு அது தெரிந்தேயிருக்கிறது.

அவள் ஆரணியை அவன் மடியிலிருந்து தூக்கினாள். பிள்ளை அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். விரல்களை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டியிருந்தது. தியாகராசா அழ ஆரம்பித்தான். மகேசன் கதவருகில் நின்று, "கொஞ்சம் பொறு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றான். அவள் அவனைத் தாண்டிப் படியிறங்கினாள்.

மிச்சமிருந்த நாட்களை அவள் ஹோட்டலில் கழித்தாள். டிக்கெட்டை முன்கூட்டி மாற்ற வழியிருக்கவில்லை. முதல் நாள் அறையைவிட்டு இறங்கவில்லை. இரண்டாம் நாள் ஆரணி கதவைத் தட்டித் தட்டி அழவே, அவளை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போனாள். ஆரணி யானைக்கு முன்னால் நின்று நகர மறுத்தாள். பக்கத்தில் நின்ற ஒரு கிழவி, "உங்கள் மகள் கொடுத்துவைத்தவள், இந்த வயதில் லண்டன் பார்க்கிறாள்" என்றாள். குமுதினி நன்றி சொன்னாள். மகேசன் இரண்டு தரம் ஹோட்டலுக்கு வந்து கீழே காத்திருந்துவிட்டுப் போனான். தியாகராசா வரவில்லை. விமான நிலையத்துக்கு வருவது தனக்கு ஆபத்து என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

சார்ஜாவுக்குத் திரும்பிய மறுநாள் காலை டூட்டியை முடித்துக்கொண்டு அவள் தியாகராசாவின் கம்பனிக்குப் போனாள். அவன் வரமாட்டான் என்று யாராவது சொல்லத்தானே வேண்டும். மேலாளர் கௌஸ் முகம்மது பம்பாய்க்காரர். அவளை உட்காரவைத்து டீ வரவழைத்தார். அவள் தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள். அவர் குழப்பத்தோடு அவளைப் பார்த்தார்.

"சிஸ்டர், அவர் ஜூலையிலேயே ராஜினாமா கொடுத்துவிட்டாரே. நீங்கள் புறப்படுவதற்கு முந்தின நாள் இதே அறையில் கேக் வெட்டி வழியனுப்பினோம். குடும்பத்தோடு லண்டனில் குடியேறப் போவதாகச் சொன்னார். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. டீயைக் குடித்தாள்.

"ஒரு விஷயம்" என்றார் அவர். குரல் தணிந்திருந்தது. "குழந்தையின் சார்ஜா விசா அவருடைய விசாவோடு சேர்ந்தது. ஸ்பான்சர் கஃபீல் அதைக் கேன்சல் பண்ணக் கொடுத்துவிட்டார். முப்பது நாள்தான் இருக்கிறது."

லண்டனில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அந்த அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். அவன் லண்டனில் அகதியானதைக்கூட எப்படியாவது விளங்கிக்கொள்ளலாம். ஆனால் அவளைத் திரும்பிப் போ, வேலையைப் பார் என்று அனுப்பியவனுக்கு, பிள்ளை சார்ஜாவில் ஒரு மாதத்துக்கு மேல் இருக்க முடியாது என்று தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியின் விசா வேலைகளைக் கவனித்த செய்கு முகம்மது காயல்பட்டினத்துக்காரர். அவள் கதையை முழுவதும் கேட்டார்.

"அழாதீங்கம்மா. பொம்பளைங்க ஸ்பான்சர்ல புள்ளைய சேர்க்கறது கஷ்டம்தான். ஆனா நேர்ஸுக்கு வழி இருக்கு. டாக்டரம்மாகிட்ட ஒரு லெட்டர் மட்டும் வாங்கித் தாங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

அவருக்குப் பதினோரு தரம் குடிவரவு அலுவலகத்துக்கு அலைய வேண்டியிருந்தது. இருபத்தேழாம் நாள் ஆரணியின் விசா தாயின் பெயருக்கு மாறியது. குமுதினி ஃபிளாட்டைக் காலிசெய்துவிட்டு ஆஸ்பத்திரி மாடியில் ஒரு அறைக்குக் குடிபோனாள். அதே மாடியில் இருந்த ஆயா வள்ளிநாயகி, பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண், அவளுடைய டூட்டி நேரங்களில் ஆரணியைப் பார்த்துக்கொண்டாள்.

தியாகராசாவிடமிருந்து கடிதங்கள் வந்தன. மன்னிப்புக் கேட்டிருந்தான். விசாவைப் பற்றி மட்டும் ஒன்றும் எழுதவில்லை. 1987இல் அவனுக்கு இங்கிலாந்தில் இருக்க அனுமதி கிடைத்தது. ஆஸ்பத்திரிக்கு ட்ரங்க் கோல் எடுத்தான்.

"இனிப் பயமில்லை. பேப்பர் அனுப்புறன், ரெண்டு பேரும் வெளிக்கிட்டு வாங்கோ."

"நான் வரேல்லை."

"இன்னும் கோவமோ?"

"கோவமெல்லாம் எப்பவோ போட்டுது" என்றாள். "அங்க வந்தா நீங்கள் சொல்லுற ஒவ்வொண்டையும் நான் ரெண்டாம் தரம் யோசிக்கவேணும். எனக்கு அது ஏலாது."

"பிள்ளைக்காக எண்டாலும்..."

"பிள்ளையைப் பாக்கவேணுமெண்டா நீங்கள் வந்து பாருங்கோ. வாறத்துக்கு முன்னம் எல்லாத்தையும் எனக்குச் சொல்லிப்போட்டு வாங்கோ."

அவன் வரவில்லை. அகதியாக இருந்தவனுக்குப் பயணப் பத்திரம் கிடைக்கவில்லை என்றான் மகேசன். அது உண்மையாகவும் இருக்கலாம். அடுத்த வருடம் தியாகராசா மகளின் படம் ஒன்று வேண்டுமென்று கேட்டு எழுதினான். குமுதினி ஆரணியை ரோலாவில் இருந்த ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தாள். படத்தின் பின்பக்கம் தேதியையும், ஆறு வயது என்பதையும், உயரம் மூன்று அடி ஏழு அங்குலம் என்பதையும் எழுதினாள். வேறு எதுவும் எழுதாமல் உறையை ஒட்டித் தபாலில் போட்டுவிட்டு, இரண்டு மணி டூட்டிக்குப் போனாள்.