ஏழு உலகமும் இரண்டு பொட்டலமும்

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து சட்டையைப் பிடிக்கக் கூடாது. கேரள எல்லைக்குள் இருக்கும் வடகரப்பதியில் எனக்குத் தெரிந்த ஒருத்தி சொன்னது. அவளுக்குக் கமலாத்தாள் என்று பெயர் வைத்திருக்கிறேன். கேட்டால், அது நான் இல்லை என்பாள்.

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்: 'மலையடிவாரத்தில் பனி படர்ந்த ஓர் அதிகாலையில்—' வேண்டாம். கமலாத்தாள் அப்போது மலையைப் பார்க்கவில்லை. எல்லை தாண்டி வந்து, கோயமுத்தூர் தியேட்டரின் ஏசிக் குளிருக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மகள் யோகப்பிரியாவோடு படம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

2

படத்தின் கதையைச் சொல்ல வேண்டும். (சொல்லி முடித்தால் எனக்கு ஒரு பரிசு கொடுங்கள்.) ஒரு கோடீசுவரன். அவனுடைய பெட்டகம் ஏழு உலகங்களில் இருக்கிறது. ஏழிலும் ஒரே நொடியில் புகுந்து திருட வேண்டும். திருடர்கள் ஆறு பேர்தான். ஆள் பத்தாததால் ஒருவன் தனக்கே தம்பியாகப் பிறந்து வருகிறான். விஞ்ஞானம்.

"இவன் செத்தவனா, இன்னும் பொறக்காதவனா கண்ணு?"

"ரெண்டுந்தாம்மா. கம்முனு பாரு."

யோகப்பிரியாவுக்குக் கொச்சியில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். போகிறோமோ இல்லையோ, அம்மாவுக்கு ஒரு படமாவது காட்டுவோம் என்று கூட்டி வந்திருந்தாள். அப்பா அர்த்தநாரி போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. ஒரே மகள். ஞாயிற்றுக்கிழமை மாரியம்மனிடம் பூ கேட்போம் என்றுவிட்டார்.

(தெரியாதவர்களுக்கு: ஒரு வாழையிலைப் பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. அம்மன் காலடியில் வைத்து, மனசில் இருப்பதைக் கேட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. கம்பெனிக்காரன் மூன்று தடவை நேர்முகம் வைத்தானாம். பாவம், அவனுக்கு இந்த வழி தெரியவில்லை.)

கடைசிக் காட்சியில் திருடர்கள் ஏழு பெட்டகத்திலும் ஒரே மாதிரிச் சீட்டை வைத்துவிட்டுப் போனார்கள். கோடீசுவரன் எதைத் திறந்தாலும் அதையே படிப்பான். தியேட்டரே தலையைப் பிய்த்துக்கொண்டது. கமலாத்தாள் ஒருத்திக்குத்தான் சுத்தமாகப் புரிந்தது.

3

[இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம். சாமி படத்தின் பக்கம் கால்நீட்டிக்கூடப் படுக்காதவள், அம்மனையே ஏமாற்றுவாளா? சந்தேகம் என்னுடையது. காரியம் அவளுடையது. செய்துவிட்டாள்.]

பொட்டலம் மடிப்பது எப்போதும் அவள் வேலைதான். இரண்டிலும் வெள்ளை நந்தியாவட்டையையே வைத்து மடித்தாள்.

கோவிலில் பூசாரி குப்பண்ணன் அவற்றை வாங்கி அம்மன் காலடியில் வைத்தார். அர்த்தநாரி கண்ணை மூடிக் கைகூப்பினார்.

"ஆத்தா, புள்ள கொச்சிக்குப் போகாம நம்மூட்டுலயே இருக்கறது உனக்குச் சம்மதம்னா வெள்ளை குடு."

போகட்டுமா என்று கேட்பார் என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்? இப்போது எதை எடுத்தாலும் வெள்ளை. வெள்ளை என்றால் பெண் வீட்டோடு. ஏழு உலகத்துக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தவர்களும், கேள்வி யார் கையில் என்று சொல்லித்தரவில்லை.

"நீயே எடு புள்ள" என்றார் அர்த்தநாரி, கமலாத்தாளைப் பார்த்து.

4

முடிவுகள் கைவசம் மூன்று இருக்கின்றன.

கமலாத்தாள் மயங்கி விழுகிறாள். (சீரியல்காரர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.)

பிரித்தால், அம்மன் அருளால் பூ சிவந்திருக்கிறது. (படத்தைவிட நம்பும்படியாக இருக்கிறது, அதனாலேயே வேண்டாம்.)

ஒரு பொட்டலத்தை எடுத்து, மகள் முகத்தைப் பார்க்காமல் அவள்— இதை எழுதக் கை வரவில்லை.

நடந்ததையே எழுதிவிடுகிறேன். குப்பண்ணன் தடுப்பதற்குள் இரண்டையும் எடுத்தாள். இரண்டையும் பிரித்து அர்த்தநாரி முன்னால் வைத்தாள்.

"ரெண்டும் வெள்ளைதானுங்க. நாந்தான் வெச்சேன். ஆத்தா மேல குத்தமில்லீங்க."

யோகப்பிரியா வந்து அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கெணறு வெட்ட, மாடு வாங்க, எல்லாத்துக்கும் ஆத்தாளைத்தான் கேட்டீங்க. இதை ஒருக்கா எங்கிட்டக் கேளுங்க" என்றாள் கமலாத்தாள்.

அர்த்தநாரி என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். எழுதினால், நல்ல மனுசன் என்றோ கெட்ட மனுசன் என்றோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். அவர் வாயைத் திறக்கிறார். அங்கேயே நிறுத்துகிறேன். அவர் சொல்ல வேண்டியதை உங்கள் வீட்டு ஆண்பிள்ளையிடம் கேட்டு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.