தொள்ளாயிரம் அடிக்குக் கீழே

வேலந்தாவளம் பால் சொசைட்டியில் மோகனசுந்தரத்தின் பாலை யாரும் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அத்தனை நல்ல பெயர். அந்தப் பெயருக்கு உலை வைக்க நேற்று மதியம் ஒரு போன் வந்தது.

“அண்ணா, உங்க தொள்ளாயிரம் அடி போர்த் தண்ணில கிருமி கெடச்சிருக்குதுங்க,” என்றாள் மௌனிகா. போன மாதம் வந்து ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போன ஆராய்ச்சிக்காரப் பெண். வீட்டில் குழந்தை பிறந்த சேதி சொல்வது போலச் சந்தோஷமாகச் சொன்னாள். “நாளைக்கு நெறையா எடுக்க வர்றேனுங்க.”

மாடு குடிக்கிற தண்ணீரில் கிருமியா? சொசைட்டிக்குத் தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும். மோகனசுந்தரம் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஓடிப்போய் அஞ்சு கிலோ ப்ளீச்சிங் பவுடர் வாங்கிவந்து மச்சினன் வினோவிடம் கொடுத்தார். “மாப்ளே, பொழுது சாயறதுக்குள்ள இதக் கொண்டுபோய் போர்ல கொட்டிப்போடு.”

இந்த வினோ நாலு வருஷத்துக்கு முன்னால் மாரியம்மன் நோம்பிக்கு வந்தவன். நோம்பி முடிந்துவிட்டது, அவன் போகவில்லை. அக்கா பூமாரி சோறு போடுவாள், துணியும் துவைப்பாள். போனுக்கு ரீசார்ஜ் மாமா. கட்டிலில் புரண்டு படுப்பது மட்டும் அவன் சொந்த முயற்சி.

காலையில் மௌனிகா பெட்டியும் குழாயுமாக வந்து இறங்கினாள்.

“அந்தக் கிருமி மாட்டை என்னங்க பண்ணும்?” என்றார் மோகனசுந்தரம் மெதுவாக.

“ஒண்ணும் பண்ணாதுங்கண்ணா. அது பாவம், இத்தினூண்டு. மத்த உசுருகளுக்கு இருக்கற ஜீன்ல முக்காவாசி அதுக்கில்ல. நாம மூச்ச இழுத்து, தின்னதை எரிச்சுத் தெம்பு எடுக்கறோமில்லீங்க? அந்த ஏற்பாடே அதுகிட்டக் கெடையாது. பக்கத்துல இருக்கறது ஆக்கி வெச்சதுல கொஞ்சம் வாங்கிப் பொழச்சுக்கும்னு நெனைக்கறோம்.”

மோகனசுந்தரம், வினோ படுத்திருந்த கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். “முன்ன இருந்து, அப்புறம் தொலைச்சுப்போட்டுதுங்களா?”

“அதாங்க கேள்வியே. தொலைச்சுதா, இல்ல வம்சத்துலயே எப்பவும் இருந்ததில்லையா? மூணு வருஷமா அலையறேன். பதினோரு போர் பார்த்தாச்சு, உங்க தண்ணியிலதான் கெடச்சுது. இது இல்லைன்னா என் படிப்பு அவ்வளவுதானுங்க.”

“அம்மிணி... நேத்தே ப்ளீச்சிங் பவுடர் கொட்டச் சொல்லிப்போட்டனுங்க.”

மௌனிகா குழாயைக் கீழே வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை. ஒரு பெண்ணின் மூன்று வருஷத்தை ஒரே பையில் கொன்றுவிட்டோமே என்று அவருக்கு அழுகையே வந்தது.

“மாப்ளே, எத்தன மணிக்குக் கொட்டுனே?”

வினோ தலையைத் தூக்கினான். தலைக்கடியில், கட்டுப் பிரிக்காத ப்ளீச்சிங் பவுடர் பை. நடுவில் நல்ல பள்ளம் விழுந்திருந்தது.

“இன்னிக்குக் கொட்டலாம்னு இருந்தனுங் மாமா.”

மோகனசுந்தரம் ஓடிப்போய் மோட்டாரைப் போட்டார். மௌனிகா மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாட்டில் பாட்டிலாக நிரப்பினாள். எல்லாம் முடிந்து உட்கார்ந்தபோது, ஏழு தோசை தின்ற வினோ தட்டை மறுபடியும் நீட்டினான்.

“பூமாரி, மாப்ளைக்கு நெய்யூத்தி இன்னும் ரெண்டு போடு,” என்றார் மோகனசுந்தரம். நாலு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. பிறகு மௌனிகா பக்கம் குனிந்தார்.

“அம்மிணி, உங்க கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியுமுங்க. தொலைக்கல. பொறந்ததுல இருந்தே கெடையாது.”

“எப்படிங்கண்ணா அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?”

“கூடவே வெச்சிருக்கறமில்லீங்க,” என்றார் அவர், தண்ணீர் பாட்டிலைப் பார்க்காமல்.