முகம் தெரிந்த ஒழுங்கை

சாம்பியாவில் படிப்பித்துவிட்டு, வளர்ந்த மகனோடு கொழும்பில் வந்திறங்கிய அருந்ததிக்கு ஊருக்குப் போகப் பாதை இல்லை. சண்டையில் மூடிவிட்டார்கள். வெள்ளவத்தை முழுக்கத் தமிழ்ச் சனம்; அதனாலேயே இராணுவச் சுற்றிவளைப்பும் அங்கேதான் என்று வீட்டுத் தரகர் சொன்னதும், வேண்டவே வேண்டாம் என்றாள். தமிழர் இல்லாத கொலன்னாவையில் ஒரு வீடு மனதுக்குப் பிடித்தது. பெயரைக் கேட்டதும் வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு கேற்றைச் சாத்தினார்.

கடைசியில் கொட்டாஞ்சேனையில் ஒரு குறுகிய ஒழுங்கை. வீட்டுக்காரி பிறிஜெற் காட்டிய அறையின் ஒரே ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது.

“இதென்ன அறையோ, பெட்டியோ?” என்று எரிந்து விழுந்தாள் அருந்ததி. “இஞ்சயாவது ஆமி வராதோ?”

“வராமல்? வந்தா ஒழுங்கையில உள்ள எல்லாரும் வெளியில வந்து நிப்பம். பிள்ளையைக் கொண்டுபோனா, எந்த ஜீப்பில ஏத்தினவங்கள் எண்டு சொல்ல நாங்கள் இருப்பம். ஆள் தெரியாத இடத்தில அதைச் சொல்லவும் ஒருத்தர் இல்லை, மிஸிஸ்.”

அருந்ததி ஜன்னலைத் திறக்க முயன்றுகொண்டிருந்த மகனின் கையைப் பிடித்தாள்.

“அதை விடு, தம்பி. வா, ஒவ்வொரு வீடாப் போய் உன்ர முகத்தைக் காட்டிப்போட்டு வருவம்.”