தகட்டில் இரண்டு வட்டம்

பக்கத்து வீட்டு எல்லப்பனிடம் இரவல் வாங்கி வந்த, தகடு அறுக்கிற கிரைண்டரை ரமேஷ் வாசலில் வைத்தபோதே அவன் மனைவி வேண்டா பார்த்துவிட்டாள். சுற்றுகிற டிஸ்க்கை மூடியிருக்க வேண்டிய கார்டு என்கிற காப்புத் தகடு அதில் இல்லை. கழற்றிய இடம் மட்டும் பளபளவென்று தெரிந்தது.

கல்யாணத்துக்கு முன் ஐந்து வருஷம், ஃபேனுக்குக் கூடு செய்கிற ஒரு பட்டறையில் வேலை பார்த்தவள் அவள். தகட்டின் குணம் தெரியும். நேராக அறுக்கிற டிஸ்க்கை வளைவில் திருப்பினால் தகடு அதைக் கடித்துக்கொள்ளும், கடித்தால் மிஷின் எகிறும் என்பதும் தெரியும்.

ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

ரமேஷ் பிளாட் விற்கிற கம்பெனியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். திருப்போரூரிலிருந்து ஆட்களை ஏற்றிப்போய் மனை காட்டுவதுதான் வேலை. ஒருநாள் ஆபீசையே பூட்டிவிட்டார்கள். அதிலிருந்து வேண்டா எதைச் சொன்னாலும் அவனுக்குக் குத்தியது. "நீதான் எல்லாம் தெரிஞ்சவளாச்சே" என்று ஒரே வரியில் பேச்சை முடித்துவிடுவான். மாமல்லபுரத்தில் டிபன் வண்டி போடலாம் என்பது அவனே யோசித்தது. பல நாள் கழித்து முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்திருந்தது. அதை அணைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

வண்டியின் மேல்தகடு சட்டத்தோடு ரிவெட் அடித்தாகிவிட்டது. அதில் இட்லிக் குண்டான் இறங்க ஒரு வட்டம், அடுப்புக்கு ஒரு வட்டம், ஒவ்வொன்றும் ஒன்றேகால் அடி அகலம். சக்கரம் இன்னும் மாட்டாததால் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போகவும் வழியில்லை.

"நவுந்து நில்லு, பொறி அடிக்கும்" என்றான் ரமேஷ். கண்ணில் கறுப்புக் கூலிங் கிளாஸ், காலில் ரப்பர் செருப்பு. வேண்டா நகர்ந்து நின்றாள்.

வட்டத்தில் கால்வாசி அறுத்திருப்பான். சத்தம் திடீரென்று மாறியது. டிஸ்க் உடைந்து ஒரு துண்டு மதில் காரையைப் பெயர்த்தது. கிரைண்டர் துள்ளி, தகட்டை அழுத்திப் பிடித்திருந்த அவனுடைய இடது கையில் இறங்கியது. ரமேஷ் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

எல்லப்பனின் ஆட்டோவில்தான் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கட்டைவிரலை மடக்குகிற தசைநார் அறுந்திருந்தது. தைத்துவிட்டார்கள், ஆனால் பழையபடி மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். வெளியே வராந்தாவில் எல்லப்பன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான்.

"கார்டு இருந்தா வேல செய்ற எடம் தெரியலன்னு நான்தான் கயட்டிப் போட்டேன் தங்கச்சி. இப்டி ஆவும்னு கண்டனா?"

"நானும் பாத்தேண்ணே" என்றாள் வேண்டா. அவன் அதை வேறு ஏதோ ஆறுதல் பேச்சாக எடுத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். தகட்டில் ரத்தம் காய்ந்து கிடந்தது. வேண்டா அதைத் தேய்த்துக் கழுவினாள். பிறகு கூடுவாஞ்சேரிக்குப் போய், பட்டறையில் கூட வேலை செய்த பூங்கொடியிடம் ட்ரில்லும், வளைவாக அறுக்கிற ஜிக்சா மிஷினும், அதில் மாட்டத் தகடு அறுக்கிற நெருக்கப்பல் பிளேடும் வாங்கி வந்தாள்.

மறுநாள் காலையில் வளையலைக் கழற்றி வைத்தாள். கொண்டையை இறுக்கினாள், நைட்டிக்கு மேல் ரமேஷின் பழைய சட்டையை மாட்டிப் பொத்தான் போட்டாள், ஷூவும் கண்ணை முழுக்க மூடுகிற கண்ணாடியும் போட்டுக்கொண்டாள். தகட்டுக்கு அடியில் பிளைவுட் கொடுத்து நாலு பக்கமும் கிளாம்ப் போட்டு முடுக்கினாள். ஆணி வைத்து லேசாக ஒரு குழி தட்டி, ரமேஷ் போட்டிருந்த வட்டக் கோட்டுக்கு உள்பக்கமாக ட்ரில் போட்டாள். ஓடுகிற மிஷினில் துணி சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும் என்பதால் அறுத்து முடிக்கிறவரை கையுறை போடவில்லை. அந்த ஓட்டையில் ஜிக்சா பிளேடை இறக்கி, நடுநடுவே எண்ணெய் விட்டு, மெதுவாக ஓட்டினாள். கடைசி நாலு விரல் அளவு இருக்கும்போது நிறுத்தி, வெட்டின துண்டு சட்டென்று தொங்கிவிடாமல் டேப் ஒட்டினாள். வட்டம் கழன்றதும் கையுறை மாட்டிக்கொண்டு விளிம்பை அரத்தால் ராவினாள்.

நிமிர்ந்தபோது ரமேஷ் வாசற்படியில் நின்றிருந்தான். கட்டுப்போட்ட கை நெஞ்சோடு தொங்கியது.

"இதெல்லாம் உனுக்கு அப்பவே தெரியுமா?"

இல்லை என்றே சொல்லியிருக்கலாம். பூங்கொடி சொல்லிக் கொடுத்தாள் என்றால் நம்பியிருப்பான்.

"தெரியும் மாமா. கார்டு இல்லன்றதும் பாத்தேன்."

"பாத்துகினே நின்னியா?"

"சொன்னா உனுக்குக் கோவம் வரும்னு..."

அவன் உள்ளே போய்விட்டான். அன்றைக்கு அவள் போட்ட சோற்றை அவன் தொடவில்லை. அவளும் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் இரண்டாவது வட்டத்துக்கு அவள் கிளாம்ப் மாட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து வலது கையை நீட்டினான். "குடு. இத நான் அறுக்கிறேன்."

"ஒத்தக் கையில வாணாம்."

"என் வண்டி இது!"

"உன் வண்டிதான். நான் குடுக்க மாட்டேன்." மிஷினை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ரமேஷின் முகம் சிவந்தது. பிறகு எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான். "கண்ணாடி போட்டுகினு வா" என்றாள் வேண்டா. போய்ப் போட்டுக்கொண்டு வந்தான். அவள் சொன்னபோதெல்லாம் எண்ணெய் விட்டான்.

தையல் பிரித்த வாரம் மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. முதல் நாள் டூரிஸ்ட் கூட்டம் நன்றாகவே வந்தது. ரமேஷ் இடது கையில் தட்டைத் தாங்கி வலது கையால் பரிமாறினான். கட்டைவிரல் பாதிக்கு மேல் மடங்கவில்லை. தட்டு நழுவும்போதெல்லாம் வேண்டா வேறு பக்கம் பார்த்தாள்.

கூட்டம் ஓய்ந்ததும் இருவரும் ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். அவன் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"வேற எதுனா சொல்லாம வெச்சிகினு கீறியா?"

வேண்டா அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"கேஸ் டியூபு அடுப்பு மேல ஒட்டிகினு போவுது, சூட்டுல உருகிடும். காலையிலயே பாத்தேன். கூட்டத்துல சொல்ல முடியல."

ரமேஷ் எழுந்துபோய் சிலிண்டரை மூடினான்.