வீட்டில் இருந்தபடியே லிஃப்டில் மாட்டியவள்

பில்லக்கா தன் வீட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபடியே, ஊரின் மறுகோடியில் இருக்கிற ஆபீஸ் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டாள். மாட்டியதோடு விட்டாளா? கூட மாட்டியிருந்த ஒரு ஆம்பிளையின் உயிரையும் பிடித்து நிறுத்தினாள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

பில்லக்கா என்பது ஆபீஸ் பில் பிரிவில் அவளுக்கு வைத்த பேர். அவள் போட்ட பில்லில் பிழை கண்டுபிடிக்கிறவன் இன்னும் பிறக்கவில்லை. பிறந்தால் அவன் பிரசவ ஆஸ்பத்திரி பில்லையும் அவள்தான் சரிபார்த்திருப்பாள். அப்படிப்பட்டவளின் வீட்டுக்காரர் மாடிப்படியில் உருண்டு முதுகெலும்பை நொறுக்கிக்கொண்டார். தானாகப் புரள முடியாது. அவ்வப்போது புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும், புண் உள்ளே இறங்கினால் ஆள் தேறமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் மூன்றாவது ஆள் கிடையாது.

அதனால் கம்பெனி அவளுக்கு ஒத்தைக்காலைக் கொடுத்தது. ஒரு கம்பம், அடியில் இரண்டு சக்கரம், உச்சியில் ஒரு திரை. வீட்டிலிருந்து லேப்டாப்பில் தட்டினால் அது ஆபீஸில் உருளும். திரையில் அவள் முகம் தெரியும். முகம் மட்டும் நடந்து வருவதைப் பார்த்து முதல் நாள் தண்ணி கேன் போடுகிறவர் கேனைப் போட்டுவிட்டு ஓடினார், இன்னும் திரும்பவில்லை என்று கேள்வி.

எல்லாம் சரியாகத்தான் உருண்டுகொண்டிருந்தது, புது மேனேஜர் வரும்வரை. அவருக்கு ஆபீஸ் வைத்த பேர் அட்டெண்டன்ஸ். "தொட்டுப் பார்க்க முடியாத ஆளை வேலைக்கு வந்ததா எப்படிம்மா எழுதறது?" என்பார். கடைசியில் அவருக்கும் மேலே இருக்கிற பெரிய மேடம் ஒரு வழி சொன்னார்: புது பில் முறையைக் கூட்டத்தில் ஒத்தைக்கால் மூலமாகவே பில்லக்கா விளக்கட்டும். சரியாக வந்தால் வீட்டிலிருந்தே வேலை. வரவில்லை என்றால் திங்கட்கிழமையிலிருந்து நேரில் வரவேண்டும், இல்லாவிட்டால் ராஜினாமா.

நேரில் போனால் புருஷன் போய்விடுவார். போகாவிட்டால் வேலை போய்விடும். கூட்டத்தன்று காலை விடிவதற்கு முன்பே பில்லக்கா லேப்டாப்பைத் திறந்துவிட்டாள்.

கூட்டம் கீழ்த்தளத்தில் என்றுதான் ஆபீஸ் ஆப்பில் போட்டிருந்தது. ஆனால் கீழே ஏசி மக்கர் செய்ததால், ஆபீஸில் இருந்தவர்கள் வாய்வார்த்தையாகவே ஐந்தாவது மாடிக்குப் போய்விட்டார்கள். வீட்டில் இருக்கிறவளுக்கு யார் சொல்வது? காலியான அறையைச் சுற்றி வந்து, வாசல் செக்யூரிட்டியிடம் கேட்டு விஷயத்தைத் தெரிந்துகொண்டவள், லிஃப்ட் வாசலுக்கு உருண்டாள். ஒத்தைக்காலுக்குக் கை இல்லை.

"அண்ணே! அஞ்சாவது அமுக்கி விடுங்கண்ணே!"

வாசல் செக்யூரிட்டி அமுக்கிவிட்டார். கதவு மூடும் நேரத்தில் ஓடிவந்து உள்ளே நுழைந்தார் அட்டெண்டன்ஸ்.

"நீங்களுமா லேட்டு சார்?"

"நான் நேர்ல லேட்டு."

அதைச் சொல்லி வாய் மூடவில்லை, லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி இரண்டு மாடிக்கு நடுவே நின்றது. விளக்கு போனது. கதவு நாலு விரல் அகலத்துக்குத் திறந்து அப்படியே உறைந்தது. அந்தச் சந்து வழியாக ஆபீஸ் வைஃபை நூலிழையாக வந்துகொண்டிருந்தது. அட்டெண்டன்ஸ் அபாய மணியை அமுக்கினார். அது அலங்காரத்துக்கு வைத்தது போலிருக்கிறது. போனுக்குச் சட்டைப்பையைத் தடவினார். கூட்டத்துக்கு யாரும் போன் கொண்டுவரக்கூடாது என்பது அவரே போட்ட சட்டம்.

"அக்கா," என்றார். அதுவரை அவளை அவர் அக்கா என்றதில்லை. "எனக்கு மூச்சு... சின்ன இடம்னா எனக்கு ஆகாது அக்கா."

திரை வெளிச்சத்தில் அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. அவருக்கு வேர்த்த வேர்வையில் ஒத்தைக்கால் மிதக்காததுதான் ஆச்சரியம். பில்லக்கா லிஃப்ட் சுவரில் ஒட்டியிருந்த நம்பரைப் படித்து, தன் போனில் மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். வந்துகொண்டே இருக்கிறாராம்.

"உக்காருங்க சார். என்னையே பாருங்க. மெதுவா மூச்சு விடுங்க."

"போயிடாதீங்க அக்கா. திரையை அணைச்சிடாதீங்க."

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து வீட்டுக்காரர் முனகினார். "எரியுதுடி. முடியல."

எழுந்தால் அங்கே ஒருத்தர் மூச்சு நிற்கிறது. உட்கார்ந்தால் இங்கே ஒருத்தர் முதுகு வேகிறது. பாவி மனுஷிக்கு ஒரே உடம்பு. லேப்டாப்பைத் தூக்கிக் கட்டிலைப் பார்க்க வைத்தாள்.

"சார், நான் இவரைப் புரட்டணும். நீங்க பார்த்துக்கிட்டே இருங்க, பேசிக்கிட்டே இருங்க."

ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில். வீட்டுக்காரர் அலறினார். அவளுக்குக் கை வழுக்கியது.

"அக்கா, இடது கால் கீழ சிக்கியிருக்கு! அதை முதல்ல எடுங்க!" இருட்டுப் பெட்டிக்குள்ளிருந்து அட்டெண்டன்ஸ் கத்தினார். எடுத்தாள். "ஆங், இப்ப தள்ளுங்க... இன்னும்... போதும்!"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள்.

"யாருடி அது, சத்தம் போடறது?" என்றார் வீட்டுக்காரர்.

"மேனேஜருங்க."

"பரவாயில்லையே, வேலை தெரிஞ்ச ஆளா இருக்காரே."

அட்டெண்டன்ஸ் ஒத்தைக்காலின் கம்பத்தைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். மெக்கானிக் வந்து கதவை நெம்புவதற்குள் ஒத்தைக்காலின் பேட்டரி தீர்ந்து திரை இருண்டுவிட்டது. வெளியே வந்தவர் முகத்தைத் துடைத்தார், டையைச் சரிசெய்தார், திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்திருந்தார்கள்.

மத்தியானம் பெரிய மேடம் வீடியோ காலில் வந்தார். பக்கத்தில் அட்டெண்டன்ஸ். "நீங்க கூட்டத்துக்கு வரலையே."

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன் மேடம்."

"வீட்ல இருந்துக்கிட்டா?" மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செக்யூரிட்டியைக் கூப்பிட்டுக் கேட்டார். அஞ்சாவது அமுக்கினது நான்தான் என்றார் அவர். போனில் மெக்கானிக்கைக் கேட்டார். ஒரு பொம்பளைதான் கூப்பிட்டாங்க என்றார். மேடம் பாதி நம்பிவிட்டார். ஒத்துக்கொள்ளாதவர் ஒரே ஒருத்தர்தான்.

"அந்த மெஷின் உள்ள இருந்தது மேடம்," என்றார் அட்டெண்டன்ஸ், மேசையைப் பார்த்தபடி. "திரை இருட்டா இருந்துச்சு. இவங்க இருந்ததா எனக்குத் தெரியல. யார் வேணா போன் பண்ணியிருக்கலாம்."

பில்லக்கா சண்டை போட வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னால் வீட்டுக்காரரை மறுபடி புரட்ட வேண்டிய நேரம் வந்திருந்தது.

"சரி மேடம். நான் வரலைன்னே எழுதிக்கோங்க. ராஜினாமாவை இன்னிக்கே அனுப்பிடறேன்." லேப்டாப்பை மூடக் கையை வைத்தவள் நின்றாள். "ஒண்ணே ஒண்ணு. சாரைத் தனியா லிஃப்ட்ல விடாதீங்க. கூட யாராவது போங்க. அவருக்கு ஆகாது மேடம், பாவம்."

மேடம் திரும்பி அட்டெண்டன்ஸைப் பார்த்தார். "உங்களுக்கு என்ன ஆகாது?"

அந்த மனுஷன் காது நுனிவரை சிவந்து போனார்.

"இருங்க அக்கா, மூடாதீங்க," என்றார். "மேடம், அவங்க உள்ளதான் இருந்தாங்க. ஆரம்பத்திலேருந்து என்கூடதான் இருந்தாங்க. நான் அழுதேன்."